லக்சம்பர்க்கில் இரண்டு இரவு: முதல்முறை போகிறவர்களுக்கு

பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் என்று டூர் போடுகிறவர்கள் லக்சம்பர்க்கை அரை நாளில் முடித்துவிடுவார்கள். பாலத்தருகே பஸ் நிற்கும், எல்லோரும் இறங்கிப் படம் எடுப்பார்கள், ஏறிவிடுவார்கள். வரைபடத்தைப் பார்த்தால் அதுவே போதும் என்றுதான் தோன்றும். நாட்டின் மொத்தப் பரப்பே 2,586 சதுர கிலோமீட்டர். வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்கு 82 கிலோமீட்டர்தான். ஆனால் தலைநகரம் மேலும் கீழுமாக அடுக்கி வைத்த ஊர். பாறையின் மேல் ஒரு நகரம், அதன் காலடியில் பள்ளத்தாக்கில் இன்னொரு நகரம், எதிரே கிர்ச்பெர்க் மேட்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்ணாடிக் கட்டடங்கள். பாலத்தில் நின்று பார்ப்பவருக்கு மேல்தட்டு மட்டும்தான் கிடைக்கும். கீழே இறங்கி, சுற்றி, மறுபடி ஏறி வர ஒரு முழுப் பகல் வேண்டும். ஆகவே என் கணக்கு இதுதான்: இரண்டு இரவு. ஒரு பகல் நகரத்துக்கு, ஒரு பகல் வெளியூருக்கு. மூன்றாவது நாள் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள்

வெள்ளி மாலை போய் ஞாயிறு மாலை திரும்புங்கள். சொல்வதற்கு முக்கியக் காரணம் அறை வாடகை. ஐரோப்பிய நீதிமன்றம், ஐரோப்பிய முதலீட்டு வங்கி, எண்ணற்ற நிதி நிறுவனங்கள் எல்லாம் இருக்கும் ஊர் இது. ஹோட்டல்கள் வேலையாக வருபவர்களை நம்பித்தான் ஓடுகின்றன. வெள்ளிக்கிழமை அவர்கள் பெட்டியைத் தூக்கியதும் வாடகை இறங்கும். செவ்வாய், புதனில் கண்ணைக் கட்டும் விலை சொல்லும் அதே அறை சனிக்கிழமை நம் கைக்கு எட்டும்.

வார நாளில்தான் போக முடியும் என்றால் ஏப்ரல், ஜூன், அக்டோபர் மாதங்களைத் தவிர்க்கப் பாருங்கள். மற்ற மாதங்களில் பிரஸ்ஸல்ஸில் கூடும் ஐரோப்பிய ஒன்றிய அமைச்சர்கள் இந்த மூன்று மாதங்களில் இங்கேதான் கூடுவார்கள். அமைச்சர் ஒருவர் வந்தால் கூட எத்தனை பேர் வருவார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

சனிக்கிழமைக்கு இன்னொரு லாபமும் உண்டு. கில்லோம் சதுக்கத்தில் புதன், சனி காலைகளில் சந்தை கூடும். ஞாயிற்றுக்கிழமை நகரத்தில் பல கடைகள் மூடியிருக்கும். அன்று வெளியூர் போய்விட்டால் நஷ்டமில்லை. திங்கள்கிழமை தேசிய தொல்லியல், வரலாறு, கலை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, நவீனக் கலைக்கான முதாம் அருங்காட்சியகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் வார இறுதிதான் தேறும்.

மே முதல் செப்டம்பர் வரை பகல் நீளம், நடப்பதற்குச் சுகம். மழை எந்த மாதத்திலும் வரும். குடையைவிடத் தொப்பி வைத்த மழைக்கோட்டு உதவும், பாறை விளிம்பில் காற்று குடையைத் திருப்பிவிடும். ஜூன் 23 தேசிய நாள், முந்தின இரவு வாணவேடிக்கை. ஆகஸ்ட் கடைசியில் ஷூபர்ஃபூர் திருவிழாச் சந்தை தொடங்கும். 1340-இல் குருட்டு ஜான் என்ற மன்னன் தொடங்கி வைத்தது. இரண்டும் பார்க்க வேண்டியவை, ஆனால் அறையை முன்கூட்டியே பிடித்தாக வேண்டும்.

விசா

ஜெர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம் போன்ற ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) குடியிருப்பு அனுமதியோடு வாழ்பவர்களுக்குத் தனி விசா வேண்டாம். ஆனால் அட்டை மட்டும் போதும் என்று பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். திரும்பும் வழியில், குறிப்பாக ஜெர்மன் எல்லையில், போலீஸ் பஸ்ஸில் ஏறிக் கேட்பதுண்டு. பிரிட்டனில் இந்திய அல்லது இலங்கை பாஸ்போர்ட்டோடு இருப்பவர்களுக்கு அங்குள்ள அனுமதி இங்கே செல்லாது, ஷெங்கன் விசா எடுத்தே ஆக வேண்டும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்கள் ஒரு விதியை மனதில் வையுங்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பாரிஸில் ஐந்து இரவு, லக்சம்பர்க்கில் இரண்டு இரவு என்றால் பிரான்ஸ் விசாதான். "லக்சம்பர்க்கில் சீக்கிரம் கிடைக்குமாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பொய்யாக ஹோட்டல் பதிவு காட்டும் வேலை வேண்டாம், அது பிடிபட்டால் அடுத்த விசாவும் போகும்.

பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ; விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். 15 நாள் என்பது பேச்சுக்குத்தான். சில விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. கோடைக்குப் போகிறவர்கள் இரண்டு மூன்று மாதம் முன்பே ஆரம்பியுங்கள். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். திரும்பும் தேதிக்குப் பிறகும் பாஸ்போர்ட்டுக்கு மூன்று மாத ஆயுள் இருக்க வேண்டும். விசா கைக்கு வரும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத அறை எதையும் எடுக்காதீர்கள்.

போய்ச் சேருவதும் டிக்கெட் இல்லாப் பயணமும்

சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. ஃபிராங்க்ஃபர்ட் போல ஓர் இடத்தில் மாறி ஃபிண்டெல் விமான நிலையத்தில் இறங்கலாம். ஏற்கெனவே பாரிஸ் போகிறவர்களுக்கு ரயில்தான் சுகம். பாரிஸ் கிழக்கு ஸ்டேஷனில் டிஜிவி அதிவேக ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். முன்கூட்டி எடுத்தால் மலிவு, கடைசி நேரத்தில் எடுத்தால் விமான விலை. ஜெர்மனியின் டிரியர் நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பிரஸ்ஸல்ஸிலிருந்து மூன்று மணிக்கு மேல் ஆகும், தூரத்தைப் பார்த்தால் அநியாய மெதுவு.

இறங்கியதும் டிக்கெட் இயந்திரத்தைத் தேட வேண்டாம். 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுவதும் பஸ், டிராம், ரயில் எல்லாமே இலவசம். உள்ளூர்க்காரர், வெளிநாட்டுக்காரர் வித்தியாசமில்லை. அட்டை வாங்குவது, பதிவு செய்வது, க்யூஆர் காட்டுவது எதுவும் இல்லை. கதவு திறந்தால் ஏறி உட்கார வேண்டியதுதான். முதல் முறை கொஞ்சம் திருட்டுத்தனமாக இருக்கும், போகப் போகப் பழகிவிடும்.

இலவசத்திலும் இரண்டு கண்ணிகள் உண்டு. ரயிலில் முதல் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டும். பெட்டியின் கதவருகே பெரிதாக 1 என்று போட்டிருந்தால் ஏறாதீர்கள். அடுத்தது, எல்லை. டிரியர் பக்கம் வாசர்பில்லிக், பிரான்ஸ் பக்கம் பெத்தெம்பூர், பெல்ஜியம் பக்கம் க்ளைன்பெத்திங்கன்: இவை அந்தந்தப் பாதையில் நாட்டின் கடைசி ஸ்டேஷன்கள். இவற்றைத் தாண்டினால் டிக்கெட் வேண்டும், தூங்கிப்போனாலும் வேண்டும்.

விமான நிலையத்துக்கு 2025 மார்ச்சிலிருந்து டிராம் வருகிறது. ஊரின் நடுவே ஹாமிலியுஸ் நிறுத்தம். பழைய நகரத்துக்கு அங்கே இறங்குங்கள். அதே டிராம் மத்திய ரயில் நிலையத்துக்கும் போகும். போனில் 'மொபிலிதேட்' ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், நாட்டின் எல்லா பஸ், ரயில் நேரங்களும் அதில் இருக்கும். காலை ஏழரை, எட்டு மணிக்கு ரயில்களில் நிற்க இடம் இருக்காது. பக்கத்து நாடுகளிலிருந்து தினமும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கே வேலைக்கு வந்து போகிறார்கள்.

அறை எங்கே எடுப்பது

பழைய நகரத்தில் தங்கினால் அழகு, காசு அதிகம். ரயில் நிலையப் பகுதியில் விலை குறைவு. அந்தத் தெருக்கள் இரவில் கொஞ்சம் கரடுமுரடு. குடித்துவிட்டு நிற்பவர்கள், கை நீட்டுபவர்கள் இருப்பார்கள். பயப்படும்படி இல்லை, ஆனால் குழந்தைகளோடு போகிறவர்கள் யோசித்து எடுக்கலாம். கிர்ச்பெர்க் ஹோட்டல்கள்தான் வார இறுதியில் நிஜமாகவே இறங்கிவரும். டிராம் வாசலுக்கு வரும், ஆனால் மாலையில் அங்கே நடமாட்டமே இருக்காது.

சிக்கனம் பார்ப்பவர்களுக்கு, பழைய கோட்டை இருந்த பொக் பாறைக்குக் கீழே, அல்செட் ஆற்றுப் பக்கம் இளைஞர் விடுதி இருக்கிறது. இடம் என்று பார்த்தால் பல நட்சத்திர ஹோட்டல்களுக்குக் கிடைக்காத இடம். எல்லாமே நிரம்பிவிட்டால் நகரத்தை விட்டு வெளியே தேடுங்கள். ரயில் இலவசம் என்பதால் எட்டல்ப்ரூக்கிலோ எஷ்ஷிலோ தங்கினாலும் போக்குவரத்துச் செலவு கிடையாது, அரை மணி நேரப் பயணம்தான். எஷ் பக்கத்து பெல்வாலில் பழைய இரும்பாலையின் ஊதுலைகளை அப்படியே நிறுத்தி வைத்து, சுற்றிப் பல்கலைக்கழகம் கட்டியிருக்கிறார்கள். தொழிற்சாலை பிடிக்கும் என்பவர்களுக்கு அதுவே ஒரு மாலைக்குப் போதும்.

சனிக்கிழமை: நடந்து இறங்கு, லிப்டில் ஏறு

இந்த ஊருக்குத் திட்டம் போடும்போது கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். இறங்குவது காலால், ஏறுவது லிப்டால் என்று பாதையை அமைத்தால் பாட்டி தாத்தாவையும் கூட்டிப் போகலாம். மாற்றிச் செய்தால் மதியத்துக்குள் எல்லோருக்கும் முட்டி வலிக்கும். தெருக்கள் கல் பாவியவை, ஷூ முக்கியம்.

ஹாமிலியுஸில் இறங்கி ஆர்ம் சதுக்கம் வழியாக கில்லோம் சதுக்கத்துச் சந்தைக்குப் போங்கள். காய், பூ, பாலாடைக்கட்டி, ரொட்டி. அங்கேயே மதியத்துக்கு ஏதாவது வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். இரண்டு நிமிடத்தில் நாட்டின் அரசரான பெரிய கோமகனின் அரண்மனை. வேலி, தோட்டம் எதுவும் இல்லாமல் தெருவை ஒட்டியே நிற்கும், வாசலில் காவலுக்கு ஒரு சிப்பாய். உள்ளே போவது கோடையில் சில வாரங்கள் மட்டும். அங்கிருந்து மீன் சந்தைச் சதுக்கம். தேசிய அருங்காட்சியகம் இங்கேதான். அதன் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமில்லை. மழை பிடித்தால் நுழைந்துவிடுங்கள்.

அடுத்து பொக் பாறை, இந்த நாடே தொடங்கிய இடம். 963-இல் சீக்ஃப்ரீட் என்ற பிரபு டிரியர் மடத்திடம் நிலத்தைக் கொடுத்து இந்தப் பாறையை மாற்றாக வாங்கிக் கோட்டை கட்டினார். பிறகு பர்கண்டி, ஸ்பெயின், பிரான்ஸ், ஆஸ்திரியா, பிரஷ்யா என்று கை மாற மாற, வந்தவர்கள் எல்லோரும் பாறையைக் குடைந்துகொண்டே போனார்கள். 1644-இல் ஸ்பெயின்காரர்கள் தொடங்கிய சுரங்கங்கள் ஒரு காலத்தில் 23 கிலோமீட்டர் நீளம். 1867 லண்டன் ஒப்பந்தப்படி கோட்டையை இடிக்கச் சொன்னார்கள். மேலே இருந்ததை இடித்தார்கள், கீழே இருந்ததை எல்லாம் வெடித்தால் ஊரே சரியும் என்று 17 கிலோமீட்டரை விட்டுவிட்டார்கள். உலகப் போர்களில் 35,000 பேர் பதுங்கியது இந்தச் சுரங்கங்களில்தான்.

டிக்கெட் எடுத்து உள்ளே போனால் குளிர்ந்த ஈரக் காற்று முகத்தில் அடிக்கும். ஒரு பக்கம் பாறையில் பெரிய பெரிய ஓட்டைகள், முன்பு பீரங்கி வாய் நீட்டியவை. அவற்றின் வழியே கீழே ஆறும் கூரைகளும் தெரியும். படிகள் குறுகல், சில இடங்களில் சுழல்படி, தரை வழுக்கும். மூடிய இடம் ஒத்துக்கொள்ளாதவர்களும் முட்டி வலிக்காரர்களும் வெளியே இருந்துகொள்வது நல்லது, வெளியேயும் காட்சி ஒன்றும் குறைவில்லை. குளிர்காலத்தில் திறப்பு நேரம் மாறும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொக்கிலிருந்து கோர்னிஷ் பாதை பாறை விளிம்பை ஒட்டியே போகும். 1994-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய நகரமும் கோட்டைச் சுவர்களும் முழுசாகக் கண்ணில் படுவது இங்கேதான். படத்துக்கு என்றால் மாலை வெயில் நன்றாக இருக்கும். இதில் நடந்து, சரிவில் இறங்கினால் க்ருண்ட். பாறைக்கு அடியில் ஆற்றை ஒட்டிய சின்னப் பேட்டை, நடுவே நொய்மூன்ஸ்டர் மடம். மடமாக இருந்து, சிறையாகி, நாஜிகள் எதிர்ப்பாளர்களை அடைத்து, இன்று கலாசார மையமாக இருக்கிறது. முற்றத்தில் சும்மா உட்காரலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

ஏறுவதற்கு லிப்ட் பாறைக்குள்ளேயே இருக்கிறது. பாறையில் ஒரு சின்ன நுழைவு, உள்ளே சுரங்க வழி. பலர் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய் மேட்டில் மூச்சு வாங்குவார்கள். மேலே வந்தால் செயின்ட் எஸ்ப்ரி மேடு. கொஞ்சம் நடந்தால் தங்கப் பெண் சிலை நிற்கும் சதுக்கம், அதை அடுத்து 1903-இல் முடித்த அடோல்ஃப் பாலம். பாலத்தின் மேல் நடப்பதைவிட, சாலைக்கு அடியில் தொங்கவிட்ட சைக்கிள், நடைபாதையில் போய்ப் பாருங்கள், கல் வளைவுகளுக்குள்ளேயே நடப்பீர்கள்.

மதியத்துக்கு மேல், குழந்தைகளுக்குப் பிடிக்கும் சுற்று ஒன்று. பெஸ்கதோர் பூங்காவின் ஓரத்தில் கண்ணாடி லிப்ட், 71 மீட்டர் கீழே பாஃபென்தாலில் இறக்கிவிடும். கொஞ்ச தூரம் நடந்தால் ரயில் நிலையம், அங்கிருந்து சரிவு ரயில் கிர்ச்பெர்க் மேட்டுக்கு ஏற்றிவிடும், மேலே டிராம் காத்திருக்கும். பைசா செலவில்லாமல் லிப்ட், சரிவு ரயில், டிராம் என்று மூன்று சவாரி. முதாம் அருங்காட்சியகம் ஐ.எம். பெய் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, 2006-இல் திறந்தது. நவீன ஓவியம் பிடிக்காதவர்கள் கட்டடத்தையும் பக்கத்துத் துங்கன் கோட்டையையும் சுற்றிவிட்டு வந்தால் போதும். உள்ளே போகிறவர்கள் நான்கு மணிக்குள் போய்விடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை: ஒரே ஒரு ஊர்

நாடு சிறியது, பஸ் இலவசம் என்றதும் ஒரே நாளில் மூன்று ஊரை அடைக்கும் ஆசை வரும். வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பஸ்கள் குறைவு, ஒன்றை விட்டால் அடுத்ததற்கு ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டி வரும்.

முதல்முறை என்றால் வியான்டன். ரயிலில் எட்டல்ப்ரூக், அங்கிருந்து பஸ். ஒரு மணி, ஒன்றேகால் மணியில் போய்விடலாம். மலை மேல் கோட்டை, கீழே ஆறு, அக்கரை தாண்டினால் ஜெர்மனி. கோட்டையின் கதை விசித்திரமானது. 1820-இல் அப்போது இங்கேயும் ஆண்ட நெதர்லாந்து மன்னர் முதலாம் வில்லியம் இதை ஒரு வியாபாரிக்கு விற்க, அவர் கூரை, மரம், தகரம் என்று பிரித்துப் பிரித்து விற்றுத் தீர்த்தார். 1977-இல் அரசின் கைக்கு வந்த பிறகுதான் மறுபடி எழுப்பினார்கள். 1871-இல் பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ தங்கியிருந்த வீடு பாலத்தருகே அருங்காட்சியகமாக இருக்கிறது.

நடைப்பயணக்காரர்களுக்கு எக்டர்நாக். 698-இல் வில்லிப்ரோர்ட் என்ற துறவி நிறுவிய மடம் உள்ள ஊர், முல்லர்தால் பகுதியின் பாறைப் பிளவுகளுக்கு வாசல். ரயில் இல்லை, தலைநகரிலிருந்து பஸ். புகைப்படம் பிடிக்கும் என்றால் வடக்கே க்ளெர்வோ. லக்சம்பர்க்கில் பிறந்த புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைகன் தொகுத்த 'மனிதக் குடும்பம்' காட்சி, 503 படங்கள், கோட்டைக்குள் இருக்கிறது. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

ஷெங்கன்? நம் விசாவில் அச்சடித்திருக்கும் பெயர் மொசெல் ஆற்றங்கரையில் உள்ள இந்தக் கிராமத்தின் பெயர்தான். 1985 ஜூன் 14 அன்று ஆற்றில் நின்ற கப்பலில், எல்லைச் சோதனையை நீக்கும் ஒப்பந்தத்தில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. விசாவுக்கு அலைந்தவர்களுக்குப் போய் ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆசை இருக்கும்; எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கிராமம் அரை மணியில் முடிந்துவிடும், அதற்காக ஒரே ஞாயிற்றுக்கிழமையைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சாப்பாடும் சில்லறை விஷயங்களும்

மதியம் இரண்டு மணிக்கு மேல் பல ஓட்டல்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள், திரும்ப மாலைதான். வார நாள் மதியங்களில் 'பிளா து ஜூர்' என்று அன்றைய சாப்பாடு ஒன்று எழுதி வைத்திருப்பார்கள், மலிவு. நாட்டின் பெருமைக்குரிய பண்டம் புகையில் பதப்படுத்திய பன்றிக் கழுத்துக்கறியும் அவரையும். சைவக்காரர்கள் பீன்ஸ் சூப் என்று நம்பிப் பூனெஷ்லுப் வாங்கிவிடாதீர்கள், பெரும்பாலும் பன்றிக்கறித் துண்டு மிதக்கும். சந்தைகளிலும் திருவிழாக்களிலும் கிடைக்கும் க்ரொம்பெரெகிஷெல்ஷர் பாதுகாப்பானது: உருளைக்கிழங்கைத் துருவி வெங்காயம் சேர்த்து எண்ணெயில் பொரித்தது, நம் வடையின் தூரத்துச் சொந்தம். முட்டை இருக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். ஓட்டலில் "தண்ணீர்" என்றால் பாட்டிலைத் திறந்து பில்லில் போட்டுவிடுவார்கள். காலை உணவுக்கும் இரவுக்கும் சூப்பர் மார்க்கெட்டில் சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைகளில் பிரெஞ்சு, ஆங்கிலமும் எங்கும் ஓடும். உள்ளே நுழையும்போது வணக்கத்துக்கு 'மொயன்' என்று சொல்லுங்கள், எந்த நேரத்துக்கும் பொருந்தும். கார்டு எல்லா இடத்திலும் செல்லும். சந்தைக்கு இருபது யூரோ சில்லறை போதும். அவசரத்துக்கு 112. லக்சம்பர்க் கார்டு என்ற சுற்றுலா அட்டையை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பயணம் ஏற்கெனவே இலவசம் என்பதால் அது இப்போது நுழைவுச்சீட்டுக் கணக்குதான். சுரங்கம், வியான்டன் கோட்டை, இன்னொரு அருங்காட்சியகம் என்று குறைந்தது மூன்று இடமாவது தேறினால் வாங்குங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

காரில் வந்தவர்கள் கிளம்பும்போது டேங்கை நிரப்பிவிடுங்கள், பக்கத்து நாடுகளைவிடப் பெட்ரோல் இங்கே மலிவு. எல்லையை ஒட்டிய பெட்ரோல் பங்குகளில் ஞாயிறு மாலை நீண்ட வரிசை நிற்கும். ஊருக்குள்ளேயே போட்டுக்கொண்டு போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.